நாலாம் படியில் நாற்காலி

தெருமுனை ரொட்டிக்கடை வந்ததும் அளவுக்காரி கைபேசியைக் காதில் வைத்துக் கத்த ஆரம்பித்துவிடுவாள். “ஆமா மேடம், வந்துட்டேன் மேடம். இதோ தெருவுக்குள்ளதான் நுழையறேன். முதல்ல கோடி வீடு, அப்புறம் வரிசையா வர்றேன்.” அந்தப் பக்கம் மேடமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. கைபேசி அணைந்துதான் இருக்கும். கத்தி முடித்துவிட்டு ஒரு பன் வாங்கி, உலகத்தில் மிஞ்சிய கடைசி பன் அதுதான் என்பதுபோல் மெதுவாகத் தின்பாள்.

அதற்குள் தெரு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வீட்டு மிக்ஸி துண்டுக்குள் புகுந்து முடிதிருத்தும் கடைக்குப் போகும். இன்னொரு வீட்டுக் குக்கர் மாடிப்படிக்குக் கீழே காலி டிரம்முக்குள் இறங்கும். புதுச் செருப்பு கழன்று பழஞ்செருப்பு ஏறும். யாரோ தவணையில் வாங்கிய டிவி ரொட்டிக்கடையின் மாவு மூட்டைகளுக்கு நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். “இது கடையா கிடங்காடி?” என்று ரொட்டிக்கடைக்காரி கேட்பாளே தவிர, ஒரு நாளும் முடியாதென்று சொன்னதில்லை.

அளவுக்காரி என்று பெயர் வைத்தது தெருதான். துணிக்கு அளவெடுக்கிறவள் இல்லை, மனுஷிக்கு அளவெடுக்கிறவள். புருஷன் இல்லாமல், அல்லது புருஷன் இருந்தும் இல்லாமல், பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் பெண்களுக்குப் பாதி வாடகையும், பகலில் பிள்ளையை விட்டுவைக்க ஒரு காப்பகமும் கொடுக்கிற நிறுவனத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், கைக்கணினியில் கேள்வி கேட்டு, அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பதிய வேண்டும். அளவுகோலுக்கு ‘சொந்தக்கால் ஏணி’ என்று பெயர். சொந்தக் காலில் நிற்கிறவளுக்கு எதற்கு ஏணி என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த அலுவலகச் சுவரில் வரையறையைக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: ‘பிறர் கையை எதிர்பாராமல் மூன்று மாதம் வாழ வல்லவரே பொருளாதாரத் தற்சார்பு உடையவர்.’ எழுதின புண்ணியவான் பிறர் கையை எதிர்பாராமல் ஒரு காப்பியாவது குடித்திருப்பாரா என்பது அளவுக்காரியின் சந்தேகம்.

ஏணிக்கு ஐந்து படி. ஒன்றாம் படி முழுச் சார்பு. ஐந்தாம் படி முழுத் தற்சார்பு. ஐந்தைத் தொட்டவளுக்குக் கைதட்டிச் சான்றிதழ் கொடுப்பார்கள். அடுத்த மாதம் முதல் பாதி வாடகையும் காப்பகமும் நின்றுபோகும். ரொம்பக் கீழே சறுக்கினால் முயற்சி போதாது என்று கூப்பிட்டு உட்காரவைத்து அறிவுரை சொல்வார்கள், அது அதைவிடக் கொடுமை. அதனால் தெருவில் ஒரு பழமொழியே உண்டாகிவிட்டது: “நாலாம் படியில நாற்காலி போட்டு உட்காரு.”

அளவுக்காரி கேட்கிற விதமும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். “மாசக் கடைசியில கையில ஏதாவது மிஞ்சுதாக்கா? இல்லைன்னு போடட்டுமா?” என்பாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எதிரில் இருப்பவள் தலையை ஆட்டினால் போதும். வேலிக்கு ஓணான் சாட்சி. தெருவே நாலில் வந்து நிற்கிறதே, ஐந்துக்கு ஒருத்திகூட ஏறவில்லையே என்று இயக்குநர் மேடம் கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டங்களில் அளவுக்காரி குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தெருவிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தவள் சாவிக்காரி. வங்கிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் மாற்றுச் சாவி வெட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் பையில் ஓர் அரமும் சில வெற்றுச் சாவிகளுமாக வந்து நின்றவளை முதன்முதலில் அளந்து ஒன்றாம் படி என்று எழுதியதே அளவுக்காரிதான். அன்றைக்கு எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது. “நீங்க மேல வருவீங்கக்கா, எழுதி வச்சுக்குங்க” என்று சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். கீழே நிற்கிறவளை நேசிப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? நாம் குனிந்து பார்த்தால் போதும்.

அளவுக்காரியின் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டமளிப்புப் படம் முன்னறைச் சுவரில் பெரிதாகத் தொங்கியது. வந்தவர் போனவருக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுவார். படத்துக்குச் சுவர் கிடைத்தது. படத்தில் இருந்தவளுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. அண்ணன் கல்யாணம் பண்ணி அண்ணியோடு உள்ளறையை எடுத்துக்கொண்டான். அப்பாவும் அம்மாவும் முன்னறை. அளவுக்காரிக்குச் சமையலறைக்குப் போகிற நடையில் ஒரு பாய். அவள் துணிமணி இருந்த பெட்டி அண்ணன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. காலையில் உடுப்பெடுக்க வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சம்பளம் அம்மா கைக்குப் போகும். பேருந்துக்கு அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஒருநாள் வாய்திறந்து, “அந்தப் பின்பக்கத் திண்ணையை அடைச்சு எனக்கு ஒரு அறையா போட்டுக் கொடுங்களேன்” என்று கேட்டதற்கு, “படிச்ச பொண்ணு, நீயே இப்படிப் பேசினா எப்படி? கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்றாள் அம்மா. படித்தது அனுசரிக்கத்தான் என்பது பட்டம் வாங்குகிற அன்று யாரும் சொல்லாத பாடம்.

அந்த மாதம் அளவெடுக்கப் போனபோதும் வழக்கம்போல் கத்தினாள், பன் தின்றாள், தெருவுக்கு நேரம் கொடுத்தாள். எல்லோர் வீடும் கழுவித் துடைத்த வறுமையோடு அவளை வரவேற்றது. கடைசியாகச் சாவிக்காரி வீடு. அவள் எதையும் ஒளிக்கவில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா வா வா. உனக்காகத்தான் இன்னைக்குக் கடையை சீக்கிரம் மூடினேன். கண்ணை மூடு. சரி வேணாம், தடுக்கி விழுவ. வந்து பாரு.”

உள்ளே ஒரு கட்டில். பழைய கட்டில்தான், எங்கேயோ ஏலத்தில் எடுத்தது. தலைமாட்டில் செதுக்கின கொடியில் ஓர் இலை உடைந்திருந்தது. ஆனால் மெத்தை புதுசு. குழந்தை அதன் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மகாராணி மாதிரி பார்த்தது.

“உட்காரு. அட உட்காருன்னா. குதிச்சுக்கூடப் பார்க்கலாம், தாங்கும்.” சாவிக்காரியே குதித்துக் காட்டினாள். “ராத்திரி தாழ்ப்பாள் போட்டு இதுல காலை நீட்டிட்டேன்னு வையி, எமனே வந்து கதவைத் தட்டினாலும், காலையில கடைப்பக்கம் வாங்க, இப்ப முடியாதுன்னு சொல்லிடுவேன்.”

அளவுக்காரி ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தை அவளை மெல்ல உள்வாங்கியது. முதுகெலும்பில் எங்கோ ஓர் இடம், பாயில் படுத்தே பழகின இடம், ‘ஓ’ என்றது.

“புது மிஷினுக்கும் முன்பணம் கொடுத்தாச்சு. அடுத்த வாரம் வந்துடும். கார் சாவிகூட வெட்டலாமாம்.” சாவிக்காரி மூச்சுவிடாமல் பேசினாள். “இந்தக் கட்டிலை மாடியேத்த நாலு பேர் பட்ட பாடு இருக்கே. முடிவெட்டுற அண்ணனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. ரொட்டிக்கடைக்காரி கீழே நின்னு கட்டளை போடுறா, பட்டாளத்துத் தளபதி மாதிரி. தூக்கினது ஒரு கால்கூட இல்ல.” சிரித்துவிட்டு, சும்மா பேச்சுக்குத்தான், “உனக்கு என்னம்மா, படிச்சிருக்க, சம்பளக்காரி. உங்க வீட்டுல இதைவிடப் பெரிய கட்டிலா கிடக்கும்” என்றாள்.

அளவுக்காரி சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். புருஷன் விட்டுப்போனவள். அவளுக்குக் கட்டில், தாழ்ப்பாள், அதைப் போடுகிற கை. நான் விடிய விடியப் படித்தேன். வகுப்பில் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தவர்களையெல்லாம் மதிப்பெண்ணில் தாண்டினேன். எனக்குப் போகிற வருகிறவர் கால்மிதி பக்கத்தில் ஒரு பாய். வயிற்றுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. பசி எரிச்சல் இல்லை. பசி என்றால் ஒரு பன்னோடு அடங்கும்.

அவள் கைக்கணினியைத் திறந்தாள்.

“உங்க சம்பாத்தியத்தை எப்படிச் செலவழிக்கிறதுன்னு யாரு முடிவு பண்றா?”

“நான்தான். வேற யாரு? பாப்பாகிட்ட கேட்டா மிட்டாய்ம்பா.”

‘சில சமயம் அண்ணன்கிட்ட கேப்பேன்னு போடட்டுமா’ என்று கேட்க வேண்டிய இடம் அது. அளவுக்காரி கேட்கவில்லை. தொட்டு அடுத்ததற்குப் போனாள்.

“இந்த மூணு மாசத்துல புதுசா ஏதாவது பொருள் வாங்கினீங்களா?”

“அது மேலதானே உட்கார்ந்திருக்க.”

“தொழிலை விரிவாக்கத் திட்டம் இருக்கா?”

“இப்பதானே சொன்னேன் மிஷினு.” சாவிக்காரி அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினாள். “மிச்சத்தை நீயே பார்த்துப் போட்டுக்கம்மா, எப்பவும் போல. டீ குடிச்சுட்டுப் போ.”

அளவுக்காரி பார்த்துப் போட்டாள். ஒரு பொய் இல்லை. ஒரு மிகை இல்லை. இரண்டு வருஷ வேலையில் முதல்முறையாக ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை உள்ளபடி பதிந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: ‘நெருக்கடி வந்தால் யாரை நம்பி இருப்பீர்கள்?’ அதை மட்டும் கேட்கவே இல்லை. ‘யாரையும் நம்பி இல்லை’ என்பதைத் தொட்டாள். இப்படி ஒரு கட்டிலில் படுக்கிறவளுக்கு யார் எதற்கு? திரையில் பச்சை வெளிச்சத்தோடு ஐந்து வந்தது. டீயைக் குடித்தாள். நன்றாக இருந்தது டீ. அதுவும் எரிந்தது.

அலுவலகத்தில் அது திருவிழா ஆனது. இயக்குநர் மேடம் இருக்கையிலிருந்து எழுந்தே வந்தார். “நம்ம முதல் ஐந்து. ஏணி வேலை செய்யுதுன்னு நான் சொன்னேனா இல்லையா?” சான்றிதழ் அச்சாகி, சாவிக்காரி கையில் அதைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். சாவிக்காரி படத்தில் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று கேட்கிற முகத்தோடு காமிராவுக்குப் பின்னால் நின்ற அளவுக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒப்பந்தத்தையெல்லாம் விடு. மேற்பார்வையாளர் இடம் காலியாகுது. உன் பேரைத்தான் எழுதப்போறேன்” என்றார் மேடம் அளவுக்காரியின் காதில். நிரந்தர வேலை. அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் ஒதுக்கலாம். அறை பார்க்கலாம். முன்னால் சாவிக்காரி படியேறினால் பின்னால் இவளும் ஏறலாம் போல. நல்லது செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது அவளுக்கு.

மாதம் பிறந்ததும் காப்பகம் குழந்தையைத் திருப்பி அனுப்பியது. வீட்டுக்காரர் முழு வாடகை கேட்டார்.

அளவுக்காரி வங்கிப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். ஆனால் இயக்குநர் மேடத்தின் மேசைச் சாவி தொலைந்துபோய், பூட்டோடு அவளையே அனுப்பிவைத்தார்கள். போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

படிக்கட்டுக்கு அடியில் புது மிஷின் இல்லை. முன்பணத்தைத் திருப்பி வாங்கி வாடகைக்குக் கொடுத்திருக்க வேண்டும். பழைய மிஷின் கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை அதன் பக்கத்திலேயே ஒரு பெட்டிமேல், இடுப்பில் கட்டின துணியின் மறுமுனை தாயின் இடுப்பில். பித்தளைத் தூள் அதன் முடியில் மினுங்கியது. ஒரு கண் சிவந்து, தேய்த்துத் தேய்த்து வீங்கியிருந்தது.

சாவிக்காரி மிஷினை நிறுத்தினாள்.

“மருந்து போட்டாச்சு” என்றாள், அளவுக்காரி கேட்பதற்கு முன்பே. “தண்ணியில கழுவினாலே போயிடும்னாங்க. நாளைக்கு மறுபடி விழும், மறுபடி கழுவணும்.”

“அக்கா...”

“கைதவறிப் போட்டுட்டியா, தெரிஞ்சு போட்டியா?”

“சரியாத்தான்க்கா எழுதினேன். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்.”

“அது தெரியுது. அதைத்தான் கேக்கிறேன்.” சாவிக்காரி அரத்தைக் கீழே வைத்தாள். “ஏன் சரியா எழுதின?”

வங்கிக்குப் போகிறவர்கள் தலைக்கு மேலே தடதடவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாருக்கும் நாலு போட்ட. கோடி வீட்டுக்காரி வீட்டுல டிவி இருந்த இடம் சுவர்ல சதுரமா வெளுத்துக் கிடக்கு, அதைப் பார்த்துக்கிட்டே நாலு போட்ட. எனக்கு மட்டும் எங்கிருந்தும்மா வந்துச்சு நேர்மை? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?”

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. மேடம் சந்தேகப்பட்டாங்க, கணினி தானாகக் கணக்குப் போட்டுவிட்டது, என்னவாவது. குழந்தை கண்ணைத் தேய்த்தது. தாய் பார்க்காமலே கையை எட்டி அதன் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்குப் படுக்க இடம் இல்லக்கா” என்றாள் அளவுக்காரி. “நடையில படுக்கிறேன். நீங்க கட்டிலைக் காட்டினீங்க.”

சாவிக்காரி குழந்தையின் முடியிலிருந்து பித்தளைத் தூளைத் தட்டிவிட்டாள்.

“கட்டிலுக்கா.”

“ஆமா.”

“அடிப்பாவி. ஏலத்துல எவனோ செத்த வீட்டுல இருந்து வந்த கட்டில் அது. சொல்லியிருந்தா, ஒரு ராத்திரி வந்து படுத்துட்டுப் போன்னு சொல்லியிருப்பேனே.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சலித்துப்போய்ச் சொன்னாள். பிறகு பூட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து வேலையைத் தொடங்கினாள். “சாயந்திரம் வேற யாரையாவது அனுப்பு, வாங்கிக்கட்டும்.”

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அளவுக்காரி கைக்கணினியில் ‘பயிற்சிப் பதிவு’ என்பதைத் திறந்து தன்னைத் தானே அளந்தாள். சம்பாத்தியத்தை முடிவு செய்வது யார்? அம்மா. தனியாகப் பூட்டக்கூடிய இடம் உண்டா? இல்லை. புதிதாக வாங்கிய பொருள்? ஒரு குடை, அதையும் அண்ணி எடுத்துக்கொண்டாள். வரிசையாகச் சைபர். கடைசிக் கேள்வி: நெருக்கடி வந்தால் யாரை நம்பி இருப்பீர்கள்? ரொம்ப நேரம் யோசித்தாள். வீட்டில் எல்லோரும் அவளை நம்பி இருந்தார்கள். அவள் யாரை? யாருமில்லை என்று தொட்டாள். முழு மதிப்பெண் விழுந்தது. மொத்தத்தில் அவள் வாங்கிய முழு மதிப்பெண் அது ஒன்றுதான்.

திரையில் வந்தது: இரண்டாம் படி. உதவி பெறத் தகுதியுடையவர்.

சிரிப்பு வந்தது அவளுக்கு, கசப்பாக. ஆள் இல்லாதவளுக்கு மார்க்கு கொடுக்கிற ஏணி. அதைத் தூக்கிக்கொண்டுதான் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள்.

மறு அளவீட்டுக்கு வழி இருந்தது. அளந்தவளே தன் பதிவு பிழை என்று ஒப்புக்கொண்டால், இயக்குநரே நேரில் போய் மறுபடி அளப்பார். பிழைக்குக் காரணம் கேட்டுத் திரையில் சில சொற்கள் இருந்தன: கவனக்குறைவு, தகவல் பற்றாக்குறை, கருவிக் கோளாறு. அவளுடைய காரணம் அதில் இல்லை. கவனக்குறைவைத் தொட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவள் எதையும் செய்ததில்லை.

இயக்குநர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “படம் எடுத்தாச்சு. மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. இப்ப வந்து கவனக்குறைவா? உங்களை மாதிரி முதல்தலைமுறைப் பிள்ளைங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்னு நான் எவ்வளவு போராடறேன் தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“மேற்பார்வையாளர் இடத்தைப் பத்தி இனிமே பேச்சே வேணாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதையும் யோசிச்சுத்தான் சொல்லணும்.”

“சரி மேடம்.”

‘உங்களை மாதிரி’ என்ற சொல்லை அவள் வெளியே வந்து வராந்தாவில் நின்று மென்றாள். துப்ப இடம் தேடினாள்.

அன்று மாலையே ரொட்டிக்கடையில் போய்ச் செய்தி சொன்னாள். ரொட்டிக்கடைக்காரி பன்னை எடுத்துத் தரவில்லை. “நாளைக்குக் காலையிலயா? மேடமே வர்றாங்களா?” என்றாள். மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். “சரி, நீ போ. நாங்க பார்த்துக்கிறோம்.” அந்த ‘நாங்க’ அளவுக்காரியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது.

மேடத்தோடு அவள் காலையில் அந்த அறைக்குள் நுழைந்தபோது அங்கே எதுவும் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் ஒரு பாய், அதுவும் ஓரம் பிய்ந்தது. எந்த வீட்டிலிருந்து இரவல் வந்ததோ. அடுப்பில் ஒரு நசுங்கின பாத்திரம். கலைஞர்கள், என்று நினைத்தாள் அளவுக்காரி. குழந்தையின் கண் இன்னும் சிவப்பாக இருந்தது. அது மட்டும் அரங்க ஏற்பாடு இல்லை.

சாவிக்காரி பாயில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். தொழில் மந்தம்ங்க. மிஷினா, அதெல்லாம் எங்கேங்க. கட்டிலா, அது பக்கத்து வீட்டு ஆளோடது, சும்மா கொஞ்ச நாள் போட்டு வச்சிருந்தாங்க. மேடம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். அளவுக்காரி கதவோரம் நின்றாள்.

“கடைசிக் கேள்வி. திடீர்னு ஒரு நெருக்கடி வருது. யாரை நம்பி இருப்பீங்க?”

சாவிக்காரியின் குரல் மாறியது. அது வரைக்கும் தரையைப் பார்த்துப் பேசியவள் நிமிர்ந்தாள்.

“முதல்ல ரொட்டிக்கடைக்காரிங்க. வாய்தான் காடு, மனசு வெல்லம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பாப்பாவை மாவு மூட்டை மேல தூங்கவச்சுப் பார்த்துக்கிட்டா. அப்புறம் முடிவெட்டுற அண்ணன். அவருக்கு இடுப்பு சரியில்ல, ஆனா கூப்பிட்டா வந்துடுவாரு. வங்கிக் காவல்காரர், மழை வந்தா என் பெட்டியை உள்ளே வச்சுக்குவாரு. கோடி வீட்டு அக்கா. மேல் மாடியில ஒருத்தர் இருக்காரு, எப்பவும் போதையிலதான் இருப்பாரு, எதுக்கும் உதவ மாட்டாரு, ஆனா ராத்திரி நான் கத்தினா முதல்ல அவர்தான் கதவைத் திறப்பாரு.”

அளவுக்காரி மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆளும் முடிந்ததும் அடுத்தது நாம்தான் என்று நினைத்தாள். முதல் நாள் கண் கலங்கினது நான். இரண்டு வருஷம் நாலு போட்டது நான். இன்றைக்கு வேலையைப் பணயம் வைத்தது நான். போதைக்காரனைக்கூடச் சொல்கிறாளே. பட்டியலில் அடுத்துப் பால் போடுகிறவர் வந்தார். காப்பகத்தில் துடைக்கிற அம்மா வந்தாள். அதோடு நின்றது.

“அவ்வளவுதாங்க” என்றாள் சாவிக்காரி.

மேடம் பெருமூச்சு விட்டார். “இத்தனை பேரைச் சார்ந்து இருக்கீங்களே. இது பெரிய பின்னடைவு.” தொட்டார். மஞ்சள் வெளிச்சம் வந்தது. நாலாம் படி. காப்பகம் நாளையிலிருந்து திறக்கும், பாதி வாடகை திரும்ப வரும். அளவுக்காரியின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின வேகத்தில் வேறொரு கல் ஏறி உட்கார்ந்தது. ரொட்டிக்கடைக்காரி. முதல் பெயரே அவள்தானாம். வாய் காடாம், மனசு வெல்லமாம். கட்டில்மீது வந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் தூசு. கட்டிலை என்றைக்காவது ஒருநாள் சம்பாதித்து வாங்கிவிடலாம்.

மேடம் காரில் ஏறிப் போனதும் தெரு விழித்துக்கொண்டது. ரொட்டிக்கடையிலிருந்து கட்டில் வெளியே வந்தது. முடிவெட்டுகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க, ஒரு கால் ஆளில்லாமல் நின்றது. அளவுக்காரி யாரும் கூப்பிடாமலே போய் அதைப் பிடித்தாள். யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. முன்பக்கம் சாவிக்காரியும் கோடி வீட்டுக்காரியும், பின்பக்கம் அவளும் வங்கிக் காவல்காரரும்.

மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. காவல்காரர் கீழே இறங்கிச் சாய்த்துப் பார்க்கப் போனார். கோடி வீட்டுக்காரி மேலே கதவைக் கழற்றப் போனாள். கட்டிலின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் மட்டும்.

“மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க” என்றாள் சாவிக்காரி.

“இல்லையே.”

“உன் பேரைச் சொல்லலைன்னு.”

அளவுக்காரி பிடியை மாற்றிக்கொண்டாள்.

“நல்லாத்தான் கத்துக் கொடுத்திருந்த பொய்யெல்லாம். எல்லாத்தையும் சொன்னேன். தொழில் இல்லைன்னேன், கட்டில் என்னோடது இல்லைன்னேன். அந்தக் கடைசி ஒண்ணுதான் நான் சொன்ன நிஜம்.” சாவிக்காரி கட்டில் சட்டத்தைத் தோளுக்கு நகர்த்தினாள். “அதைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

கீழே ரொட்டிக்கடைக்காரி தலையை நீட்டி, இடதுபக்கம் சாய்க்கச் சொல்லிக் கட்டளை போட ஆரம்பித்திருந்தாள்.

“அவ சொல்றபடி சாய்ச்சா சுவர்ல இடிக்கும்” என்றாள் அளவுக்காரி.

“இடிக்காது. அவளுக்குத் தெரியும்” என்றாள் சாவிக்காரி. “சாய்.”

அளவுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தாள். இடிக்கவில்லை.